கிட்டாரில் அவர் கையெழுத்து, வாசிக்கப்போவது நீங்கள்... சிக்னேச்சர் மாடல் வாங்கலாமா?

லெஸ் பால். கிட்டார் கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களுக்குக்கூட இந்தப் பெயர் பழக்கம். கனமான உடம்பு, ஒரு பக்கத் தோளில் மட்டும் வெட்டு, ராக் கச்சேரி என்றாலே மனதில் வரும் உருவம். அது ஏதோ ஒரு மாடலின் பெயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். 1915-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் பிறந்து, 94 வயது வரை வாழ்ந்த கிட்டார் கலைஞர்.

சாதாரண கிட்டாரின் வயிறு காலியாக இருக்கும். மைக், ஸ்பீக்கர் என்று சத்தத்தைக் கூட்டினால் அந்தக் காலி வயிறு ஊளையிட ஆரம்பித்துவிடும். அதற்கு வழி தேடிய லெஸ் பால், நான்கு அங்குலக் கனமுள்ள பைன் மரக்கட்டை ஒன்றை எடுத்து, அதில் கம்பியும் பிக்-அப்பும் பொருத்தினார். கேட்க நன்றாக இருந்தது. பார்க்கத்தான் கட்டுமரத்தில் ஒரு துண்டு மாதிரி இருந்தது. அதனால் ஒரு பழைய கிட்டாரை நெடுக அறுத்து, கட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டவைத்தார். கிப்சன் நிறுவனத்திடம் கொண்டுபோனபோது அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. ஃபெண்டர் நிறுவனம் கட்டை உடம்பு கிட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1952-ல் தங்க நிறத்தில், லெஸ் பால் பெயரோடு கிப்சன் கிட்டார் வெளிவந்தது.

இப்படி ஒரு கலைஞரின் பெயரில், அவர் சொன்னபடி, அல்லது சொன்னதாகச் சொல்லி, செய்து விற்கப்படுவதுதான் ‘சிக்னேச்சர் மாடல்’. விற்பனையில் கலைஞருக்கும் ஒரு பங்கு போவது வழக்கம். எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வாய், ஸ்லாஷ், பி.பி.கிங் என்று பட்டியல் நீளம். நம் வீட்டுப் பிள்ளைகளின் ஆசைப் பட்டியலிலும் இவை இருக்கின்றன. விலையைப் பார்த்துவிட்டு அப்பா, அம்மா கேட்கும் கேள்வி நியாயமானது. ‘அந்த ஆளோட கையெழுத்துக்கா இவ்வளவு காசு?’

சில மாடல்களில் ஆமாம், கையெழுத்துக்குத்தான். சிலவற்றில் இல்லை. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சச்சினின் பேட்டில் எம்.ஆர்.எஃப் ஸ்டிக்கர் இருந்த காலத்தில், தெருவில் ஆடிய பையன்களின் பேட்டிலும் அதே ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டிக்கரால் யாருக்கும் ஸ்ட்ரெயிட் டிரைவ் வரவில்லை, கெடுதலும் இல்லை. ஆனால், சச்சின் கனமான பேட்டில் ஆடிப் பழகியவர். ஸ்டிக்கரோடு அந்தக் கனத்தையும் சேர்த்துப் பத்து வயதுப் பையன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? சிக்னேச்சர் கிட்டாரில் நடப்பது இதுதான். பல மாடல்களில் பெயரோடு, அந்தக் கலைஞரின் கைப்பழக்கமும் சேர்ந்து வருகிறது.

கிளாப்டனுக்கு வேண்டாதது உங்களுக்கும் கிடையாது

ஃபெண்டர் தன் புகழ்பெற்ற ஸ்ட்ராடோகாஸ்டரை ஒரு கலைஞரின் பெயரில் முதன்முதலாக வெளியிட்டது 1988-ல். அந்தக் கலைஞர் எரிக் கிளாப்டன். ஸ்ட்ராடோகாஸ்டரில் ஒரு குட்டிக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு இறங்கும், ஏறும். கிளாப்டன் அதைப் பயன்படுத்துவதில்லை. எனவே அவருடைய மாடலில் அந்த அமைப்பு அசையாதபடி உள்ளே ஒரு மரத்துண்டை வைத்து அடைத்துவிட்டார்கள். கூடவே நடு ஒலியைத் தடிமனாக்கும் ஒரு மின்சுற்று. அது ஓட 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கைப்பிடியின் பின்பக்கம் லேசாக ஆங்கில ‘வி’ எழுத்து வடிவம்.

அதாவது, கிளாப்டனின் ரசிகர், ஆனால் அந்தக் கம்பியை அழுத்தி ஆட்டுவதுதான் உயிர் என்பவருக்கு இந்த கிட்டார் சரிப்படாது. கிளாப்டனின் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை, ஆனால் ஒரே கிட்டாரில் மெல்லிய ஒலியும் தடித்த ஒலியும் வேண்டும் என்பவருக்கு இது அருமையான கருவி. ரசிகரா இல்லையா என்பதற்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை!

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கதை இன்னும் விசித்திரம். அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக்கட்டி வாசித்தார். அப்படித் திருப்பியதால் சாய்வாக இருக்கும் ஒரு பிக்-அப்பின் சாய்வும் எதிர்ப்பக்கமாகிவிட்டது. தடித்த கம்பிகள் கொஞ்சம் கூர்மையாகவும் மெல்லிய கம்பிகள் கொஞ்சம் குழைவாகவும் ஒலித்தன. அவர் 1970-ல் இறந்துபோனார். பல ஆண்டுகள் கழித்து, 2015-ல் ஃபெண்டர் கொண்டுவந்த ஹெண்ட்ரிக்ஸ் மாடலில் வலதுகைக்காரர்களுக்காகவே அந்த பிக்-அப்பை எதிர்ப்பக்கம் சாய்த்தார்கள், தலைப்பகுதியையும் திருப்பி வைத்தார்கள். கையில் இருந்ததை வைத்து ஒருவர் சமாளித்தது, பிறகு தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்யும் சிறப்பு அம்சமாகிவிட்டது.

வீணையின் பள்ளம், ஸ்வீடன்காரரின் கிட்டார்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்வே மால்ம்ஸ்டீன். ஸ்வீடனில் பிறந்தவர், மின்னல் வேக வாசிப்புக்குப் பெயர் போனவர். இவர் பெயரில் ஃபெண்டர் விற்கும் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இருக்கும் மரத்தைப் பள்ளமாகக் குடைந்திருப்பார்கள். கம்பியை அழுத்தும்போது விரல் மரத்தில் படாது. உராய்வு இல்லாததால் கம்பியை இஷ்டத்துக்கு வளைக்கலாம்.

வீணை வாசிப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘இதென்ன புதுசு?’ என்பார்கள். வீணையில் மெழுகு மேடைமேல் நிற்கும் பித்தளை மெட்டுகளில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிறக்கிறது. அங்கேயும் விரல் கட்டையைத் தொடுவதில்லை.

இந்த ஒற்றுமையைத் தேடி வந்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் ஜான் மெக்லாக்லின். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர். 1970-களில் எல்.ஷங்கர், ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது, அவருக்காகவே தனியாக ஒரு கிட்டார் செய்யப்பட்டது. கிப்சனுக்காகச் செய்து கொடுத்தவர் ஏப்ரஹாம் வெக்டர். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பள்ளம். ஆறு கம்பிகளுக்குக் கீழே குறுக்காக ஏழு கம்பிகள், தம்பூரா மாதிரி ரீங்காரத்துக்கு. கடையில் தொங்கவிட்டு விற்பதற்காகச் செய்ததல்ல அது. விக்கு விநாயக்ராமின் கடத்துக்கும் ஷங்கரின் வயலினுக்கும் நடுவே உட்கார்ந்து ராகம் வாசிக்க வேண்டியிருந்த ஒரு மனிதரின் தேவைக்காகச் செய்தது.

ஒரு நல்ல சிக்னேச்சர் கிட்டார் என்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவருக்குக் கையில் ஒரு சிக்கல் இருந்தது, அதற்கு மரத்திலும் கம்பியிலும் விடை சொல்லியிருக்கிறார்கள். அதே சிக்கல் உங்களுக்கும் இருந்தால் அந்த கிட்டார் உங்களுக்கானது.

இல்லாவிட்டால்? பள்ளம் குடைந்த கிட்டாரில் புதிதாகக் கற்பவர் கை வைத்தால் முதல் நாளே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் எல்லோருமே கம்பியைத் தேவைக்கு மேல் அழுத்துவோம். சாதாரண கிட்டாரில் மரம் தடுத்துவிடும். இங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை. கம்பி உள்ளே போகப் போக சுரம் மேலே ஏறும். ட்யூன் செய்து முடித்த கிட்டாரே அபஸ்வரமாகக் கேட்கும். பையன் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து, மூன்றாவது மாதம் கிட்டாரைப் பரணில் ஏற்றிவிடுவான். ஒரு பெயருக்காக ஒரு பிள்ளையின் இசை ஆசையே போவது பெரிய நஷ்டம் இல்லையா?

கண்ணுக்குத் தெரியும் மாற்றம், தெரியாத மாற்றம்

பி.பி.கிங்கின் ‘லூசில்’ கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1949-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாகாணத்தில் ட்விஸ்ட் என்ற ஊரில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சண்டை போட்டதில், குளிருக்காக எரிந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாய் உருண்டு இடம் தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்த கிங், கிட்டாரை எடுக்கத் திரும்பவும் உள்ளே ஓடினார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்ட, கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார்.

கதை உருக்கம்தான். ஆனால் 1980-ல் கிப்சன் வெளியிட்ட லூசில் மாடலில் காசு கொடுக்கத் தகுந்தது வேறு. அந்த வகை கிட்டார்களின் முகத்தில் எஃப் வடிவத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். மேடையில் ஊளைச் சத்தம் வராமலிருக்க கிங் அதில் துணியைத் திணித்து வாசிப்பது வழக்கம். லூசிலில் அந்த ஓட்டைகளே இல்லை. துணி திணிக்கும் வேலை மிச்சம்!

இசை உலகில் செயின்ட் வின்சென்ட் என்று அறியப்படும் ஆனி கிளார்க், மியூசிக் மேன் நிறுவனத்தோடு சேர்ந்து 2016-ல் கொண்டுவந்த கிட்டாரையும் இதே வரிசையில் வைக்கலாம். இடுப்பு ஒடுங்கிய, எடை குறைந்த வடிவம். பெண்ணின் உடம்பில் இடிக்காமல் உட்கார வேண்டும் என்று யோசித்துச் செய்தது. அவரைக் கேள்விப்படாத, சிறிய உடல்வாகுள்ள ஆண்களுக்கும் அது வசதியானதுதான்.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. வழக்கமான மாடல், புதிய வண்ணம், தலைப்பகுதியில் ஒரு கையெழுத்து, கூடுதல் விலை. முடிந்தது கதை. கண்டுபிடிப்பது சுலபம். அந்த மாடலின் விவரப் பட்டியலையும், அதே நிறுவனத்தின் சாதாரண மாடலின் பட்டியலையும் போனில் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். பிக்-அப், கைப்பிடி வடிவம், பிரிட்ஜ், மரம் என்று எதிலும் வித்தியாசம் இல்லை என்றால் நீங்கள் வாங்குவது ஸ்டிக்கர்.

இ.எம்.ஐ போடலாமா?

என் நண்பன் ஒருவன் ஐ.டி வேலையில் சேர்ந்த முதல் வருடமே ‘ஸ்லாஷ் லெஸ் பால் எடுக்கிறேன், இ.எம்.ஐ-யில்’ என்று கிளம்பினான். கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் 1987 ஆல்பத்தில் வரும் அந்த ஒலி அவனுக்கு வேண்டுமாம். அவனிடம் ஒரு தகவலைச் சொன்னேன். அந்த ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்தது கிப்சன் தொழிற்சாலையில் செய்த லெஸ் பாலே அல்ல. கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் கையால் செய்த நகல் அது! ஸ்லாஷ் பெயரில் கிப்சன் மாடல்கள் வந்ததெல்லாம் அந்த ஒலி ஊரறிந்த பிறகுதான். நண்பன் அரை நிமிடம் பேசவில்லை. பிறகு, ‘அப்போ எனக்கு என்னதான்டா வேணும்?’ என்றான். நல்ல கேள்வி.

எலெக்ட்ரிக் கிட்டார் தனியாகப் பேசாது. அதன் குரலில் பெரும்பங்கு ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகிறது. பட்ஜெட் மொத்தத்தையும் கிட்டாரில் கொட்டிவிட்டு, மிச்சக் காசுக்கு ஒரு சின்ன பெட்டியை வாங்கினால், யார் கையெழுத்து இருந்தாலும் சத்தம் அந்தப் பெட்டியின் சத்தம்தான். நண்பன் கடைசியில் ஸ்லாஷ் பெயர் இல்லாத நடுத்தர விலை கிட்டாரும், ஒரு நல்ல ஆம்ப்பும் வாங்கினான். பக்கத்து ஃபிளாட்காரர்களுக்கு மட்டும் அந்த முடிவில் வருத்தம்.

பெயர்தான் வேண்டும் என்றாலும் ஒரே பெயர் பல விலைகளில் கிடைக்கிறது. கிப்சனில் வரும் ஸ்லாஷ், அதன் துணை பிராண்டான எபிஃபோனிலும் வருகிறது. மியூசிக் மேனின் ஜான் பெட்ரூச்சி மாடலுக்கு ‘ஸ்டெர்லிங்’கில் மலிவான தம்பி உண்டு. மலிவு என்பதால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்க்வையர் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ஜே மாஸ்கிஸ் ஜாஸ்மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜாஸ்மாஸ்டரில், ஓங்கி வாசித்தால் கம்பி இடத்தைவிட்டு நழுவும் என்ற பழைய புகார் உண்டு. மாஸ்கிஸ் மாடலில் வேறு வகை பிரிட்ஜ் போட்டு அந்தத் தொல்லையைத் தீர்த்தார்கள். டைனோசர் ஜூனியர் குழுவின் பாட்டு ஒன்றுகூடத் தெரியாதவர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். என்னைக் கேட்டால், சிக்னேச்சர் மாடல்களில் காசுக்கு உருப்படியானவற்றில் அதுவும் ஒன்று.

மேடையில் கூச்சமாக இருக்குமே?

கல்லூரி பேண்டுகளில் இருப்பவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. ‘அவர் கிட்டாரை வெச்சுக்கிட்டு அவர் மாதிரி வாசிக்கலையேன்னு சிரிப்பாங்களோ?’ கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்பது பாட்டு. தலைப்பகுதியின் கையெழுத்தைப் படிக்க அவர்கள் பைனாகுலர் கொண்டுவருவதில்லை. பல மாடல்களில் பெயர் தலைப்பகுதியின் பின்னால்தான் இருக்கிறது. உடம்பு முழுக்கக் கோடும் வண்ணமுமாக ‘இது அவருடையது’ என்று கத்தும் கிட்டார்களில் மட்டும்தான் இந்தக் கூச்சத்துக்கு அர்த்தம் உண்டு.

அப்படிக் கத்தும் கிட்டார்களின் ராஜா எட்டி வான் ஹேலனின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’. தனக்கு வேண்டிய கிட்டார் கடையில் கிடைக்காததால் 1970-களில் அவரே கோத்தது. குறைபாடு என்று ஒதுக்கிவைத்த உடம்பை 50 டாலருக்கும், கைப்பிடியை 80 டாலருக்கும் வாங்கி, இன்னொரு கிட்டாரின் பிக்-அப்பைப் பிடுங்கிப் பொருத்தி, டேப் ஒட்டி வண்ணம் அடித்தார். 2007-ல் அதன் அச்சு அசல் நகல்கள் 300 விற்பனைக்கு வந்தன. சிகரெட் சுட்ட தழும்பு முதல், அவர் பிரிட்ஜுக்கு அடியில் வைத்திருந்த 1971-ம் ஆண்டு கால் டாலர் நாணயம் வரை எல்லாம் அப்படியே. விலை 25,000 டாலர்.

இந்த ரகத்தை வாங்குபவர்களில் பலர் வாசிப்பதில்லை. கீறல் விழுந்தால் மதிப்பு போய்விடும் என்ற பயம். நகை மாதிரி லாக்கரில் வைப்பவர்களிடம் நமக்குச் சண்டை இல்லை. ஆனால், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் செய்யப்படும் மாடலை வாங்கிவிட்டு, ‘பின்னாடி விலை ஏறும்’ என்று பெட்டிக்குள்ளேயே வைப்பது வீண். அது தங்கம் இல்லை. கம்பி துருப்பிடிக்கும். நம்மூர் ஈரக்காற்றில் கைப்பிடி வளையவும் கூடும். எடுத்து வாசியுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம். கடையில் கேட்டு, அதே நிறுவனத்தின் சாதாரண மாடல் ஒன்றையும் பக்கத்தில் எடுத்து வையுங்கள். ஒரே ஆம்ப்பில், ஒரே அளவு சத்தத்தில் இரண்டையும் வாசித்துப் பாருங்கள். புதிதாகக் கற்பவர் என்றால் உங்கள் மாஸ்டரை அழைத்துப்போய் வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். பிறகு நின்றபடி தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் இருங்கள். தோள் என்ன சொல்கிறது என்பது முக்கியம். பிரபலமான பெயர்களுக்குப் போலிகளும் ஏராளம் என்பதால், இணையத்தில் பாதி விலைக்கு ‘ஒரிஜினல்’ என்று வந்தால் சீரியல் எண்ணை நிறுவனத்திடம் விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

லெஸ் பால் வாசித்த லெஸ் பால்

1961-ல் கிப்சன் தன் லெஸ் பாலின் வடிவத்தை அடியோடு மாற்றியது. மெல்லிய உடம்பு, இரண்டு பக்கமும் கொம்பு. லெஸ் பாலுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவர் பெயர் அந்த கிட்டாரிலிருந்து போய்விட்டது. பெயர் போன பிறகும் ‘எஸ்.ஜி’ என்று அது ஜோராக விற்றது. ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் கையில் இருப்பது அதுதான். இதற்கிடையே பழைய வடிவத்தை இளைஞர்கள் தேடித் தேடி வாங்க, 1968-ல் கிப்சன் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, லெஸ் பால் பெயரோடு.

ஆனால், அவருக்கு அந்தப் பழைய வடிவத்தின் ஒலியிலும் திருப்தி இல்லை. ஸ்டூடியோவில் இன்னும் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்று வேறு வகை பிக்-அப் வைத்து அவர் விரும்பிய மாடல், ‘லெஸ் பால் ரெக்கார்டிங்’ என்ற பெயரில் 1971-ல் வந்தது. அது அவ்வளவாக விற்கவில்லை. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. அவர் மட்டும் அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார்.

நியூயார்க்கின் இரிடியம் கிளப்பில் 1996-லிருந்து திங்கள்கிழமைதோறும் அவருக்குக் கச்சேரி. மூட்டுவாதத்தால் விரல்கள் பல மடங்காத நிலையிலும், 2009-ல் இறந்த ஆண்டு வரை வாசித்தார். கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் தங்கள் கிட்டார்களோடு அவரிடம் போவார்கள். தலைப்பகுதியில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் அதே பெயரை, அவர் பேனாவை வாங்கி இன்னொரு முறை எழுதிக் கொடுப்பார்.